மீயொலிப் படத்தில் விரிசலைக் கண்டுபிடிப்பதும் அதன் உயரத்தை அளப்பதும்

கேள்வி இது: 20 மி.மீ. தடிமனுள்ள கார்பன் ஸ்டீல் தகடுகளை விளிம்போடு விளிம்பாக இணைத்த பட் வெல்டில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம். சாதாரண ஏ-ஸ்கேன் கருவியில் (எதிரொலியின் நேரத்தையும் வலுவையும் ஒரு வரைகோடாகக் காட்டுவது) எதிரொலி வருகிறது. ஆனால் அது விரிசல்தானா, விரிசல் என்றால் எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. ஃபேஸ்டு அரே (phased array), டோஃப்டி (TOFD), டிஎஃப்எம் (TFM) என்று மூன்று மீயொலி வழி சொல்கிறார்கள். எதை எடுப்பது? கான்கிரீட் கட்டுமானங்களுக்கும் இவை ஒத்துவருமா?

முதலில் சுருக்கமான பதில். விரிசலைத் தேட ஃபேஸ்டு அரே, உயரத்தை அளக்க டோஃப்டி, இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை உற்றுப் பார்க்க டிஎஃப்எம். கான்கிரீட்டின் கணக்கு வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம். ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்று புரியாமல் கருவியை மட்டும் மாற்றினால், குழப்பம் வண்ணப் படமாக வரும், அவ்வளவுதான்.

திரையில் தெரிவது புகைப்படம் அல்ல. கருவிக்கு உண்மையில் தெரிந்தவை இரண்டே: எதிரொலி வந்த நேரம், அதன் வலு. நாம் கொடுத்த ஒலி வேகத்தையும் தடிமனையும் கோணத்தையும் நம்பித்தான் நேரத்தை இடமாக மாற்றி ஒரு புள்ளி வைக்கிறது. கொடுத்த எண் தவறானால் புள்ளியும் தவறான இடத்தில் உட்காரும், அதுவும் அழகாகவே உட்காரும். இன்னொன்று, விரிசலின் முகம் ஒலிக்குக் கண்ணாடி மாதிரி. நேராகப் பட்டால் பளிச்சென்று திரும்பும், சாய்ந்து பட்டால் ஒலி வேறெங்கோ போய்விடும். ஆனால் விரிசலின் முனை அப்படியல்ல. அது ஒலியை எல்லாத் திசையிலும் மெலிதாகச் சிதறடிக்கும். இந்த மெல்லிய முனை எதிரொலிதான் உயரத்துக்கு நம்பகமான சாட்சி. புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை வைத்து உயரத்தைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் பிழை.

கோணம்தான் பாதி வேலை

ஸ்டீலில் நெட்டலையின் (ஒலி போகும் திசையிலேயே அதிர்வது) வேகம் நொடிக்குச் சுமார் 5,920 மீட்டர், குறுக்கலைக்கு (அதற்குக் குறுக்காக அதிர்வது) சுமார் 3,240 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் குறுக்கலையின் அலைநீளம் 0.65 மி.மீ., நெட்டலைக்கு 1.18 மி.மீ. ஒரே அதிர்வெண்ணில் குறுக்கலை ஏறக்குறைய இரு மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதால்தான் வெல்ட் சோதனையில் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறோம்.

வெல்டின் குறைபாடு எந்தச் சாய்வில் இருக்கும் என்பதை வெல்ட் வரைபடமே பாதி சொல்லிவிடும். 60 பாகை வி-குரூவ் (V வடிவப் பள்ளம்) என்றால் ஒவ்வொரு பக்கச் சரிவும் செங்குத்திலிருந்து 30 பாகை. ஆய்வி (ஒலியை அனுப்பி வாங்கும் தலை) இருக்கும் பக்கத்துச் சரிவில் உலோகம் சேராமல் விட்டிருந்தால், அதை நேராக அடிக்கச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த கற்றை வேண்டும். அதுவும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி மேலே ஏறும் இரண்டாம் காலில் வர வேண்டும். அடியைத் தொடும் முன் இறங்கும் முதல் காலில் அதே 60 பாகைக் கற்றை அந்தச் சரிவை வழுக்கிக்கொண்டு போய்விடும்.

செங்குத்தான நடுக்கோட்டு விரிசல் இன்னும் சிக்கல். அது அடிப்பரப்பையோ மேற்பரப்பையோ தொட்டிருந்தால், பரப்பும் விரிசலும் சேர்ந்து ஒரு மூலையை உண்டாக்கும். மூலையில் இரண்டு முறை பட்ட ஒலி வந்த வழியே திரும்பும். இதற்கு 45 பாகைக் குறுக்கலை அருமையாக வேலை செய்யும். 60 பாகை ஏமாற்றும். அந்தக் கோணத்தில் வரும் கற்றை செங்குத்து முகத்தை 30 பாகையில் அடிக்கிறது. ஸ்டீலில் குறுக்கலைக்கான மாறுநிலைக் கோணம் சுமார் 33 பாகை. அதற்குக் கீழே வந்தால் ஆற்றலில் பெரும்பங்கு நெட்டலையாக மாறி வேறு திசையில் ஓடிவிடும். 60 பாகை ஆய்வியில் அடிவிரிசல் சிறிதாகத் தெரிந்தது, 45-இல் திரையை முட்டியது என்றால் கருவியில் கோளாறு இல்லை, இதுதான் காரணம்.

எந்தப் பரப்பையும் தொடாமல் உள்ளேயே நிற்கும் செங்குத்து விரிசலுக்கு மூலையும் கிடையாது. ஒற்றை ஆய்வியில் அதன் முகம் கிட்டத்தட்டக் காணாமல் போகும், முனைகள் மட்டும் முணுமுணுக்கும். உங்கள் ஏ-ஸ்கேனில் தெளிவில்லாத எதிரொலி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃபேஸ்டு அரே: தேடும் கருவி

ஒரே ஆய்விக்குள் பல சிறு எலிமென்ட்கள். ஒவ்வொன்றையும் சில நானோநொடிகள் முன்பின்னாக இயக்கினால் கற்றையைத் திருப்பலாம், குவிக்கலாம். உங்கள் வெல்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ், 0.6 மி.மீ. பிட்ச் (எலிமென்ட்டுக்கு எலிமென்ட் தூரம்), 32 அல்லது 64 எலிமென்ட் உள்ள ஆய்வி, 55 பாகைக் குறுக்கலை வெட்ஜ் (ஆய்விக்கு அடியில் பொருத்தும் ஆப்பு) போதும். 40 முதல் 70 பாகை வரை 1 பாகை இடைவெளியில் செக்டோரியல் ஸ்கேன், அதாவது விசிறி போலக் கோணத்தை மாற்றி எடுக்கும் படம். 70-க்கு மேல் இழுத்தால் கற்றை பரந்து, மேற்பரப்பு அலையும் கலந்து, படம் நம்பக்கூடியதாக இருக்காது.

எத்தனை எலிமென்ட்களைச் சேர்த்து இயக்குகிறோம் என்பதுதான் நுணுக்கத்தைத் தீர்மானிக்கிறது. 16 எலிமென்ட் என்றால் துளையின் (சேர்ந்து ஒலிக்கும் பகுதியின்) அகலம் 9.6 மி.மீ. அகலத்தின் வர்க்கத்தை அலைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அண்மைப் புலத்தின் நீளம் கிடைக்கும், இங்கே சுமார் 36 மி.மீ. அதற்குள்தான் குவிக்க முடியும். அதைத் தாண்டிக் குவிக்கச் சொன்னாலும் கருவி மறுப்புச் சொல்லாது, ஆனால் கற்றை குவியாது. 30 மி.மீ. தூரத்தில் கற்றையின் அகலம் தோராயமாக அலைநீளம் பெருக்கல் தூரம் வகுத்தல் துளை அகலம், அதாவது 2 மி.மீ. 1 மி.மீ. விரிசலும் 2 மி.மீ. போலத்தான் தெரியும். 32 எலிமென்ட் சேர்த்தால் கற்றை 1 மி.மீ. ஆகக் குறுகும். அண்மைப் புலமும் 140 மி.மீ. வரை நீளும்.

எதிரொலி பாதியாகக் குறையும் இடங்களைக் குறித்து உயரம் சொல்லும் 6 டெசிபல் முறை இதனால்தான் சிறு விரிசல்களில் பொய் சொல்கிறது. அது அளப்பது கற்றையின் அகலத்தை. வெல்டின் நீளவாக்கில், கற்றையைவிட நீண்ட விரிசலுக்கு அந்த முறை சரி. உயரத்துக்கு வேண்டாம்.

எத்தனை கோணம் இருந்தாலும் ஒரே கோட்டில் ஓட்டினால் போதாது என்பதைக் காகிதத்தில் வரைந்தாலே தெரியும். 20 மி.மீ. தகட்டில் ஒலி வெளிவரும் புள்ளி நடுக்கோட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 45 பாகைக் கற்றை நேராக அடிமூலைக்குப் போகும். 70 பாகைக் கற்றை 7 மி.மீ. ஆழத்தில் நடுக்கோட்டைக் கடக்கும். அதற்கு மேலே உள்ள 7 மி.மீ. இந்த ஓட்டத்தில் வெறுமை. ஆய்வியை 40 மி.மீ. தள்ளி வைத்து இன்னொரு ஓட்டம் ஓட்டினால் 45 பாகைக் கற்றை அடியில் பட்டு மேல்மூலைக்கு வந்துசேரும். எனவே இரண்டு கோடுகள், வெல்டின் இரண்டு பக்கமும், ஆக நான்கு ஓட்டங்கள். 20 மி.மீ. தள்ளி வைக்கும்போது வெட்ஜின் மூக்கு வெல்ட் மேட்டில் இடிக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இடித்தால் மேட்டைத் தேய்த்துச் சமன்செய்ய அனுமதி வாங்குங்கள், அல்லது சிறிய வெட்ஜுக்கு மாறுங்கள். ஆய்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சமாளிப்பது என்றால், வரைபடத்தையும் திரும்ப வரைந்து எது விடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை:

வெல்டுக்கு இருபுறமும் ஆய்வி நகரும் பரப்பில் தெறிப்புத் துளிகள், துரு, உரிந்த பெயின்ட் எல்லாம் போக வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் மெல்லிய பெயின்ட் பரவாயில்லை, ஆனால் அளவுத்திருத்தக் கட்டையில் பெயின்ட் இல்லையென்றால் அந்த ஒலியிழப்பை அளந்து ஈடுசெய்ய வேண்டும். பிறகு நேர் ஆய்வியால் அந்தப் பரப்பு முழுவதையும் ஒருமுறை தடவி, தகட்டுக்குள் படலப்பிரிவு (உலோகம் அடுக்காகப் பிரிந்த இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். படலப்பிரிவு நடுவில் இருந்தால் சாய்கற்றை அதில் பட்டுத் திரும்பி, இல்லாத இடத்தில் விரிசல் காட்டும், இருக்கும் விரிசலை மறைக்கும். அப்படியே உண்மையான தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் 20 என்று போட்டிருப்பது தகட்டில் 20.6 ஆக இருப்பது சாதாரணம்.

அளவுத்திருத்தக் கட்டை அதே வகை ஸ்டீலில், அதே தடிமனை ஒட்டி இருக்கட்டும். வெவ்வேறு ஆழங்களில் 3 மி.மீ. விட்டமுள்ள பக்கத்துளைகளும், மேலும் கீழும் 1 மி.மீ. ஆழ வெட்டுகளும் போதும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு ஆழத்துக்கும் அதே துளை ஒரே உயரத்தில் தெரியும்படி கெய்னை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) சரிக்கட்ட வேண்டும். இதைச் செய்யாத செக்டோரியல் படத்தில் நிறங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. எலிமென்ட்களை ஒவ்வொன்றாக இயக்கிச் செத்தவை எத்தனை என்றும் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு செத்திருந்தால் அந்த ஆய்வியை ஒதுக்கிவிடுவது நல்லது. ஆய்வி நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடரை 300 மி.மீ. அளவுகோல் ஓரமாக ஓட்டி, கருவியும் 300 என்கிறதா என்று சரிபாருங்கள். 1 மி.மீ.க்கு ஒரு பதிவு போதும். வேகமாக இழுத்தால் பதிவில் கறுப்புக் கோடுகள் விழும், அந்த இடங்களைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

வெட்ஜ் பிளாஸ்டிக்கில் ஆனது. வெயிலில் கிடந்த சூடான தகட்டில் அது சூடேறும்போது அதனுள் ஒலியின் வேகம் குறையும், ஸ்டீலுக்குள் கற்றையின் கோணம் மாறும். நிழலில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு வெயிலில் சோதித்தால் ஆழக் கணக்குகள் மெதுவாக நழுவுவதற்கு இது ஒரு காரணம். வேலை நடக்கும் வெப்பநிலையிலேயே திருத்தம் செய்யுங்கள், இடையிலும் சரிபாருங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரஜனால் வரும் குளிர்விரிசல் வெல்ட் செய்த உடனே இருக்காது, சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்துத்தான் திறக்கும். தடித்த, வலுமிகுந்த ஸ்டீலில் 48 மணி நேரம் காத்திருந்து சோதிப்பது வழக்கம். மாலையில் வெல்ட் செய்து மறுநாள் காலையில் சோதித்துச் சான்று கொடுத்தால், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

முனையைப் பிடிப்பது

அடிவிரிசலின் மூலை எதிரொலி பளிச்சென்று தெரியும். அதற்குச் சற்று முன்னால், சற்று மேலே, மங்கலாக ஒரு புள்ளி இருக்கும், அதுதான் முனை. மூலையைவிட அது 20 டெசிபல் அல்லது அதற்கும் மேல் பலவீனமாக இருக்கும். மூலையைத் திரைக்குள் வைக்கும் கெய்னில் முனை தெரியாமல் போவது இயல்பு. எனவே கெய்னை 15 முதல் 20 டெசிபல் ஏற்றி, மூலை திரையைத் தாண்டினாலும் கவலைப்படாமல், முனையைத் தேடுங்கள். மூலை 20.0 மி.மீ. ஆழத்தில், முனை 16.8 மி.மீ. ஆழத்தில் என்றால் உயரம் 3.2 மி.மீ. ஆய்வியை முன்பின் நகர்த்தும்போது இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நகர வேண்டும். ஒன்று மட்டும் நகர்ந்து மற்றது நின்றுவிட்டால் அவை ஒரே விரிசலின் புள்ளிகள் அல்ல.

அடியில் உலோகம் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தாலும் மூலை போல எதிரொலி வரும். வேறுபடுத்த வழி இருக்கிறது. அளந்த தடிமனைவிடச் சற்றே ஆழத்தில், நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இறங்கிய உலோகம். சரியாகத் தடிமனளவு ஆழத்தில், இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் தெரிந்து, முனைப் புள்ளியும் துணைக்கு இருந்தால் விரிசல். ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

டோஃப்டி: உயரத்துக்கான அளவுகோல்

1970களில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் மாரிஸ் சில்க் உருவாக்கிய முறை இது. விரிசல் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் அது எப்போது உடையும் என்று கணக்குப் போட முடியும். எதிரொலியின் வலுவை வைத்து அதைச் சொல்ல முடியாது என்பதால், நேரத்தை மட்டும் நம்பும் வழி தேவைப்பட்டது.

வெல்டின் ஒரு பக்கம் நெட்டலை அனுப்பும் ஆய்வி, மறுபக்கம் வாங்கும் ஆய்வி. நான்கு செய்திகள் வரும். பரப்பை ஒட்டி நேராக வரும் பக்க அலை முதலில், பிறகு விரிசலின் மேல்முனை, கீழ்முனை, கடைசியாக அடிப்பரப்பு எதிரொலி. மேல்முனையின் கட்டம் (அலை ஏறி இறங்கும் வரிசை) அடிப்பரப்பு எதிரொலியைப் போலவும், கீழ்முனையின் கட்டம் பக்க அலையைப் போலவும் இருக்கும். சாம்பல் நிறப் படத்தில் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, வெள்ளை-கறுப்பு-வெள்ளை என்று இது மாறித் தெரியும். கட்டம் மாறினால்தான் அவை ஒரே விரிசலின் இரு முனைகள். மாறாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தனிக் குறைபாடுகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் வெல்டுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். 60 பாகை வெட்ஜ், கற்றைகள் தடிமனின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் சந்திக்க வேண்டும் என்றால், இரு ஆய்விகளின் ஒலிப்புள்ளிகளுக்கு இடையே 46.2 மி.மீ. பக்க அலை 7.80 மைக்ரோநொடியில் வரும். அடிப்பரப்பு எதிரொலி 10.32-இல் வரும். 20 மி.மீ. தடிமன் முழுவதும் இந்த 2.5 மைக்ரோநொடிக்குள் அடங்குகிறது, அதுவும் சமமாக அல்ல. 5 மி.மீ. ஆழத்தில் இருக்கும் முனையின் செய்தி 7.99-இல் வரும், பக்க அலைக்குப் பிறகு வெறும் 0.18 மைக்ரோநொடி. 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு அதிர்வே 0.2 மைக்ரோநொடி. பக்க அலை ஒன்றரை அதிர்வு நீடித்தால்கூட மேலே சுமார் 6.5 மி.மீ. குருட்டுப் பகுதி. தடிமனில் மூன்றில் ஒரு பங்கு!

10 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் குருட்டுப் பகுதி 4.5 மி.மீ. ஆகக் குறையும், முற்றிலும் போகாது. மேல்பரப்பு விரிசல் வாய்ப்புள்ள வெல்டில் டோஃப்டி மட்டும் போட்டு "குறைபாடு இல்லை" என்று எழுதுவது ஆபத்து. மேற்பரப்புக்குக் காந்தத்தூள் சோதனையும், ஃபேஸ்டு அரேயின் இரண்டாம் காலும் துணைக்கு வேண்டும். அடிப்பரப்பிலும் சிறிய குருட்டுப் பகுதி உண்டு, காரணம் வேறு: நடுக்கோட்டிலிருந்து விலகி அடியில் இருக்கும் முனையின் செய்தி அடிப்பரப்பு எதிரொலிக்குப் பிறகு வந்து அதற்குள் புதைந்துவிடும். அடியைத் தொட்ட விரிசல் என்றால் அடிப்பரப்புக் கோடு அந்த இடத்தில் மங்கும் அல்லது அறுந்து தெரியும். மேலே தொட்ட விரிசல் பக்க அலையை அறுக்கும். ஆனால் ஆய்விக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் ஜெல் குறைந்தாலும் பக்க அலை மங்கும். எல்லாக் கோடுகளும் ஒன்றாக மங்கினால் ஜெல்தான் காரணம், பக்க அலை மட்டும் மங்கினால் விரிசலைச் சந்தேகியுங்கள்.

வெட்ஜுக்குள் கழியும் நேரத்தைத் தனியாக அளக்கத் தேவையில்லை. அளந்த தடிமனைக் கொடுத்து, பக்க அலையை ஆழம் பூஜ்யம் என்றும் அடிப்பரப்பு எதிரொலியை அளந்த தடிமன் என்றும் பூட்டினால், அந்த நேரமும் ஆய்வி இடைவெளியின் சிறு பிழையும் பெரிதும் அடங்கிவிடும். ஆழமான பகுதியில் 1 மி.மீ.க்குள் உயரம் சொல்லலாம். டோஃப்டிக்கு ஒரு குணம்: விரிசலின் சாய்வைப் பற்றி அதிகம் கவலைப்படாது. அதன் மறுபக்கம், சிறு காற்றுக்குமிழ், கசடு என்று எல்லாவற்றையும் காட்டும். எதிரொலியின் வலுவைப் பார்க்காத முறை என்பதால் எதைத் தள்ளுவது என்று பழகாத கண்ணுக்குத் திகைப்பாக இருக்கும்.

டிஎஃப்எம்: உற்றுப் பார்க்கும் கண்

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹோம்ஸ், டிரிங்க்வாட்டர், வில்காக்ஸ் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. ஒவ்வொரு எலிமென்ட்டையும் தனியாக ஒலிக்கவிட்டு, எல்லா எலிமென்ட்களும் கேட்டதைச் சேமிக்கிறோம். 64 எலிமென்ட் என்றால் 4,096 ஏ-ஸ்கேன்கள். பிறகு பார்க்க வேண்டிய பகுதியைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒலி வந்திருந்தால் எந்த நேரத்தில் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தந்த நேரத்து மதிப்புகளைக் கூட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் குவித்தது போன்ற படம்.

கட்டம் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 0.13 மி.மீ. 30-க்கு 40 மி.மீ. பகுதிக்குச் சுமார் 70,000 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 4,096 கூட்டல். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 29 கோடி. இப்போதைய கருவிகள் இதை ஓட்டும்போதே செய்துவிடுகின்றன. ஆனால் கச்சாத் தரவையும் சேமிக்க விரும்பினால் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு ஏ-ஸ்கேனுக்கு 2,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு நிலைக்கே 16 மெகாபைட். 1 மீட்டர் வெல்ட், 1 மி.மீ.க்கு ஒன்று என்றால் 16 ஜிகாபைட். அனுப்புபவர், கேட்பவர் இடம் மாறினாலும் செய்தி ஒன்றே என்பதால் பாதியை மட்டும், 2,080 ஏ-ஸ்கேன்களை, சேமிக்கலாம்.

இதன் உண்மையான பலம் பாதையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது. போகும்போது அடிப்பரப்பில் பட்டு, செங்குத்து முகத்தில் பட்டு, நேராகத் திரும்பும் பாதையைக் கணக்கில் கொடுத்தால், ஒற்றை ஆய்விக்குத் தெரியாத அந்தச் செங்குத்து விரிசலின் முகமே ஒரு கோடாகப் படத்தில் எழும். சிறப்பான காட்சிதான், ஆனால் அடிப்பரப்பு எங்கே இருக்கிறது என்று நாம் சொன்னதை நம்பித்தான் வருகிறது. தடிமனில் அரை மி.மீ. தவறினால் கோடு இடம்பெயரும், மங்கும். நேர்ப்பாதைப் படமும் இந்தப் படமும் ஒரே விரிசலை வேறுவேறு இடத்தில் காட்டினால் தடிமனையோ வேகத்தையோ திருத்துங்கள். இரண்டு விரிசல் என்று அறிக்கை எழுதிவிட வேண்டாம். ஒரு பாதைக்குரிய எதிரொலி இன்னொரு பாதையின் படத்தில் பேய்ப்புள்ளியாகத் தெரிவதும் உண்டு. இரண்டு மூன்று பாதைகளில் ஒரே இடத்தில் நிற்பதுதான் உண்மை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே எலிமென்ட் ஒலிப்பதால் சக்தி குறைவு. தடித்த அல்லது ஒலியை உறிஞ்சும் உலோகத்தில் இரைச்சல் மேலோங்கும். அங்கே எல்லா எலிமென்ட்களையும் சேர்த்துத் தள அலையாக அனுப்பும் முறையோ, பழைய ஃபேஸ்டு அரேயோ மேல். முனைகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், வலுவை விட்டுவிட்டு அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போவதை மட்டும் படமாக்கும் முறை நன்றாக உதவும். மங்கலான முனையும் பளிச்சென்ற மூலையும் அதில் சமமாகத் தெரியும், கெய்ன் சண்டை கிடையாது.

விதிமுறைகளைப் பொறுத்தவரை வெல்டுகளில் ஃபேஸ்டு அரேக்கு ஐஎஸ்ஓ 13588, டோஃப்டிக்கு ஐஎஸ்ஓ 10863, டிஎஃப்எம்முக்கு ஐஎஸ்ஓ 23864. சோதிப்பவருக்கு ஐஎஸ்ஓ 9712-இன்படி சான்று. எந்த அளவு ஏற்கத்தக்கது என்பதை உங்கள் ஒப்பந்தம் சொல்லும் விதிமுறைதான் தீர்மானிக்கும், படம் அல்ல.

எந்தக் கருவிக்கும் பிடிபடாதவை

இறுக்கமாக மூடிய களைப்பு விரிசல். இரு முகங்களும் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஒலி அவற்றினூடே கடந்துபோகும். நடுவில் தண்ணீரோ எண்ணெயோ புகுந்திருந்தாலும் எதிரொலி குறையும். முனைப்பகுதி மூடியிருந்தால் கருவி காட்டும் உயரம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், அதாவது ஆபத்தான பக்கம் தவறும். முடிந்தால் கட்டமைப்பு சுமை தாங்கி, அந்த இடம் இழுவிசையில் இருக்கும்போது சோதியுங்கள். சுமையோடும் சுமையின்றியும் எடுத்த படங்கள் மாறுபட்டால் அதுவே விரிசல் என்பதற்கு வலுவான அடையாளம், கசடு அப்படித் திறந்து மூடாது. வலுவான அலையால் மூடிய முகங்களைத் தட்டி, அவை எழுப்பும் பாதி அதிர்வெண்ணைப் படமாக்கும் முறையை ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். அன்றாடக் களப்பணிக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

மேலே பல சிறு விரிசல்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் நிழலில் ஆழமான ஒன்று ஒளிந்துகொள்ளும். தண்டவாளங்களில் இது பெரிய தலைவலி. 2000 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ரயில் தடம்புரண்டு நான்கு பேர் இறந்தபோது, இப்படி உருளும் தொடர்பில் வந்த களைப்பு விரிசல்களால் தண்டவாளம் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தது. மேற்பரப்பு இப்படிச் செதிலாகியிருந்தால் "எதிரொலி இல்லை" என்பதை "விரிசல் இல்லை" என்று படிக்கக் கூடாது, "ஒலி உள்ளே போகவில்லை" என்று படிக்க வேண்டும்.

ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத ஸ்டீல் வெல்ட் என்றால் மேலே சொன்ன அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தூண் தூணாக வளர்ந்த பெரிய உலோகப் படிக மணிகள் கற்றையை வளைக்கும், குறுக்கலையைச் சிதறடிக்கும். அங்கே சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் நெட்டலை, அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அரே, முதல் கால் மட்டும். நெட்டலை அடியில் பட்டதும் பெரும்பகுதி குறுக்கலையாக மாறிவிடுவதால் இரண்டாம் காலை நம்ப முடியாது. அளவுத்திருத்தக் கட்டையிலும் அதே போன்ற வெல்ட் இருக்க வேண்டும், வெறும் தகடு போதாது.

கான்கிரீட்

ஜல்லி, மணல், காற்றுக்குமிழ் எல்லாம் ஒலியைச் சிதறடிப்பதால் மெகாஹெர்ட்ஸ் எதுவும் உள்ளே போகாது. 50 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் வேலை. குறுக்கலை வேகம் நொடிக்குச் சுமார் 2,500 மீட்டர் என்றால் அலைநீளம் 50 மி.மீ. ஜெல் இல்லாமல் ஸ்பிரிங் முனைகளால் தொடும் ஆய்வி அரேக்கள் இருக்கின்றன. அவை தரும் படத்தில் தேன்கூடு வெற்றிடங்கள், படலப்பிரிவு, பின்பரப்பு நன்றாகத் தெரியும். செங்குத்து விரிசல் நேராகத் தெரியாது. பின்பரப்புக் கோடு ஒரு இடத்தில் அறுந்திருந்தால், மேலே ஏதோ நிழல் போடுகிறது என்று ஊகிக்க வேண்டியதுதான்.

மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் விரிசலின் ஆழத்துக்குப் படத்தைவிட எளிய கணக்கு உதவும். அனுப்பும் ஆய்வியையும் வாங்கும் ஆய்வியையும் விரிசலுக்கு இரு பக்கமும் 150 மி.மீ. தள்ளி வைத்து ஒரு நேரம், 300 மி.மீ. தள்ளி வைத்து இன்னொரு நேரம். முதல் நேர வர்க்கத்தின் நான்கு மடங்கிலிருந்து இரண்டாம் நேர வர்க்கத்தைக் கழியுங்கள். அதை, இரண்டாம் வர்க்கத்திலிருந்து முதல் வர்க்கத்தைக் கழித்து வருவதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 150-ஆல் பெருக்கினால் ஆழம் மி.மீ.யில். 90.1, 158.1 மைக்ரோநொடி என்றால் 100 மி.மீ. வரும்.

இது எவ்வளவு மென்மையான கணக்கு என்று பாருங்கள். முதல் நேரம் 90.1-க்குப் பதில் 85 என்று வந்தால் ஆழம் 70 ஆகிவிடும். 5 மைக்ரோநொடி, 30 மி.மீ. அந்த 5 மைக்ரோநொடியைக் குறுக்கே போகும் ஒரு கம்பியோ, விரிசலுக்குள் நிற்கும் தண்ணீரோ, நடுவில் அடைந்த தூசியோ சுலபமாகத் திருடிவிடும், ஒலிக்கு அவை குறுக்குவழி. எனவே முதலில் கம்பி தேடும் கருவியால் கம்பிகளைக் குறித்து, கம்பிகளுக்கு நடுவே, அவற்றுக்குச் சாய்வான கோட்டில் ஆய்விகளை வையுங்கள். மழைக்குப் பிறகு சில நாள் உலரவிடுங்கள். விரிசல் இல்லாத பக்கத்து இடத்திலும் இதே இடைவெளிகளில் அளந்து ஒலி வேகம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலின் நீளவாக்கில் நான்கைந்து இடங்களில் அளந்தும் எண்கள் ஒத்துவராவிட்டால், ஒரே ஒரு இடத்தில் கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து நேரில் பார்த்துவிடுவதே மலிவு.